பாட்டில் சட்டையும் பழைய சேலையும்

துணிக்கடையில் சட்டைக் காலருக்குள் பச்சை இலைப் படம் போட்ட ஒரு சீட்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'ரீசைக்கிள்டு பாலியெஸ்டர்' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் நம் மனதில் ஓடும் படம் என்ன? யாரோ போட்டுக் கிழித்த சட்டையை வாங்கி, அரைத்து, நூலாக்கி, புதுச் சட்டை செய்துவிட்டார்கள் என்பதுதான். எங்கள் குடியிருப்பில் தீபாவளிக்கு முன்னால் பழந்துணி சேகரிக்கும் அக்காக்கள் இதையே சொல்லித்தான் மூட்டை கட்டுகிறார்கள். "நாம குடுக்கறதெல்லாம் மறுபடியும் துணியாத்தான் வருது" என்று.

வருவதில்லை. அந்தச் சீட்டு தொங்கும் சட்டை அநேகமாக எப்போதும் தண்ணீர் பாட்டிலில் இருந்து வந்தது. பழைய சட்டையில் இருந்து வந்த புதுச் சட்டை உலகக் கணக்கில் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. ஏன் இப்படி என்பதற்குப் பின்னால் ஒரு நீளமான கதை இருக்கிறது. அதில் பெரும் பகுதி நான் குப்பை கொட்டும் இந்தத் தெலுங்கு மண்ணிலும், கொஞ்சம் என் சொந்த ஊரிலும் நடந்திருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

(என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஊர் கரூர். படித்தது டெக்ஸ்டைல், சோறு போடுவது சாஃப்ட்வேர். ஹைதராபாத் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நூல், தறி என்று யாராவது பேசினால் மட்டும் இன்னும் காது நிமிர்ந்துவிடும்.)

முதலில் கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீர்கள், இரண்டே பாராதான். பாலியெஸ்டரும் தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள். பெட் என்கிறோமே, அதேதான். 1941ல் இங்கிலாந்தில் விண்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் ஒரு சீட்டித்துணி கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இதை நூலாக இழுத்துக் காட்டினார்கள். பெட்ரோலியத்தில் இருந்து வரும் ஓர் அமிலமும் ஒரு கிளைக்காலும் கைகோத்துக் கோத்து நீளமான சங்கிலி ஆகின்றன. அதை உருக்கி, சல்லடைக் கண் மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் வழியே தள்ளினால் நூல். நம் வீட்டு இடியாப்ப உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அதே டெக்னிக். இதே பொருளை ஊதிப் பாட்டில் செய்யலாம் என்று அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் நத்தானியேல் வையத் காப்புரிமை வாங்கியது 1973ல். ஆக, நூல் அண்ணன், பாட்டில் தம்பி. முப்பது வருஷ இடைவெளி.

ஆனால் தம்பிக்கு உடம்பு கெட்டி. சோடா அடைத்தால் வெடிக்கக் கூடாது, கீழே போட்டால் உடையக் கூடாது என்பதால் பாட்டிலுக்கான சங்கிலி, நூலுக்கான சங்கிலியைவிட நீளமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் அறுந்து குட்டையாகும். அதனால் பாட்டிலை உருக்கினால் நூலுக்குத் தோதான நீளத்துக்கு அதுவே இறங்கி வருகிறது. நூலை உருக்கிப் பாட்டில் ஆக்குவதோ மேட்டில் வண்டி தள்ளுகிற வேலை. நூலை உருக்கி மறுபடி நூலே ஆக்கலாம் என்றால், சங்கிலி இன்னும் குட்டையாகி இழுக்கும்போதே அறுந்து தொலைக்கும். இயற்கையே ஒருவழிப் பாதை போர்டு மாட்டி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். புதிதாகப் பெட்ரோலியத்தில் இருந்து செய்வதை வியாபாரத்தில் 'விர்ஜின்' என்பார்கள், பாட்டிலில் இருந்து செய்வதை 'ரீசைக்கிள்டு' என்பார்கள். தொட்டுப் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

கெமிஸ்ட்ரி முடிந்தது. கொசுவர்த்தியைச் சுற்றிக்கொள்ளுங்கள், பின்னால் போவோம்.

பெட்ரோலியத்துக்கு முன்னால் செயற்கைப் பட்டு என்றால் மரக்கூழும் பஞ்சும்தான் மூலப்பொருள். இந்தியாவின் முதல் ரேயான் ஆலை கேரளத்துப் பெரும்பாவூரில் வந்தது. டிராவன்கூர் ரேயான்ஸ். 1950ல் உற்பத்தி தொடங்கியது. ஆரம்பித்தவர் நம்ம ஆள், செட்டிநாட்டு எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். ஐ.ஓ.பி. வங்கியை 1937ல் தொடங்கினாரே, அவரேதான். 1954ல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். (அவர் இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் தென்னிந்தியத் துணித் தொழில் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அது வேறு பதிவு.)

அதே காலத்தில் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானமும் சும்மா இருக்கவில்லை. வடக்கே ஆதிலாபாத் மாவட்டத்துக் காகஸ்நகரில், சிர்பூர் காகித ஆலைக்குப் பக்கத்தில், 1946ல் ஒரு கம்பெனி வந்தது. சிர்பூரின் சில்க், அதனால் பெயர் சிர்சில்க். அசிடேட் ரேயான் என்ற பளபளப்பான நூல் செய்தார்கள். பிறகு பிர்லா கைக்குப் போனது. தொழிலாளர் சட்டம் படித்த நண்பர்கள் யாராவது இருந்தால் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். தீர்ப்பாயத்தின் முடிவு அரசு கைக்கு வந்து, இன்னும் வெளியாகாத இடைவெளியில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சமரசமாகிவிட்டால் எது செல்லும் என்று 1960களில் உச்ச நீதிமன்றம் வரை போன சிர்சில்க் வழக்கை இன்றும் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். வழக்கில் சமரசம் ஜெயித்தது. ஆலை ஜெயிக்கவில்லை. 1985ல் மூடிவிட்டார்கள்.

அந்த 1985 என்ற வருஷத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். 1941ல் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இந்தியாவில் தயாராக ஆரம்பித்தது 1965ல், தானேயில். ஐ.சி.ஐ. குழுமத்தின் சி.ஏ.எஃப்.ஐ. ஆலை, 'டெரீன்' என்ற பெயர். நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் கல்யாண ஃபோட்டோவில் போட்டிருப்பார்களே டெரிலின் சட்டை, டெரிகாட்டன் பேண்ட், அந்த யுகம். அரசாங்கத்துக்கு அது ஆடம்பரப் பொருள், தாறுமாறாக வரி. 1982ல் ரிலையன்ஸ் மகாராஷ்டிரத்துப் பாதாள்கங்காவில் பாலியெஸ்டர் இழை ஆலை போட்டது. அதே வருஷ ஜனவரியில் பம்பாய் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி, பெரிய மில்கள் படுத்து, நெசவு எல்லாம் சூரத், பிவண்டி விசைத்தறிகளுக்குப் போனது. 1985 ஜூனில் வந்த புது ஜவுளிக் கொள்கை, பருத்தியோ பாலியெஸ்டரோ எதையும் நெய்துகொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டது. மரக்கூழ் நூல்களின் காலம் மெல்ல முடிய ஆரம்பித்தது. சிர்சில்க் பாலியெஸ்டரால் மட்டுமே செத்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிர்வாகக் கோளாறு முதல் ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது தெளிவு. பிற்பாடு வாரங்கல் பக்கத்துக் கமலாபுரத்தில் ரேயானுக்கு மரக்கூழ் செய்த ஆலையும் 2014ல் நின்றுபோனது. நம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை பவானி ஆற்றை என்ன செய்துவிட்டு மூடியது என்பது கோவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. பழந்துணி விஷயத்துக்கு வருவோம்.

நம் ஊரில் மறுசுழற்சி என்ற வார்த்தை வருவதற்கு முன்பே அந்தத் தொழில் இருந்தது. "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவிக்கொண்டு தலையில் எவர்சில்வர் கூடையோடு வருவார்களே! எங்கள் அப்பத்தா அந்த அம்மாவிடம் பேரம் பேசுவதைப் பார்க்க வேண்டும். நாலு பேண்ட், ரெண்டு சேலைக்கு ஒரு டபரா செட். "இந்தப் பேண்ட்டு டெரிகாட்டனுங்க்கா, கிழியவே கிழியாது, ஒரு தட்டு சேத்திப் போடுங்க" என்பார். அன்றைக்கு டெரிகாட்டனுக்கு மதிப்பு அதிகம். ஏனென்றால் அந்தத் துணி அரைபடப் போவதில்லை. தைத்துச் சரிசெய்து இன்னொரு வாரச்சந்தையில் இன்னொருவருக்கு விற்கப் போகிறார்கள். கிழியாத துணிக்குத்தான் அங்கே விலை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். புதுத் துணியே மலிவாகிவிட்டதால் போட்ட துணியை வாங்கிப் போடும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மிச்சமிருப்பது அரைக்கிற வியாபாரமும் துடைக்கிற வியாபாரமும். பனியன் துணி என்றால் ஒர்க்ஷாப்பில் கிரீஸ் துடைக்க வாங்குவார்கள். திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. மில்களில் மொத்த நூலாக ஓட்டி, போர்வை, மிதியடி, கைத்துண்டு எல்லாம் நெய்கிறார்கள். கரூர், சென்னிமலை வட்டாரத்தில் இந்த நூலின் புழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாலியெஸ்டர் சேலை? எண்ணெயை உறிஞ்சாது, அதனால் ஒர்க்ஷாப் வேண்டாம் என்கிறது. அரைத்தால் சங்கிலி குட்டை, அதோடு சாயம், ஜரிகை, பால்ஸ் துணி, பட்டன், எலாஸ்டிக். டெரிகாட்டன் என்றால் 67 பங்கு பாலியெஸ்டரும் 33 பங்கு பருத்தியும் ஒரே இழையில் முறுக்கிக் கிடக்கும். பாலும் தண்ணியுமாகக் கலந்ததைப் பிரிக்க நம் கபாடிவாலா என்ன அன்னப்பறவையா? கிழியாது என்று அப்பத்தா பெருமையாகச் சொன்ன அதே குணம்தான் இன்று அதன் சாபம்.

மியாப்பூரில் எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் ஒரு தடவை பையனின் பழைய ஸ்கூல் பேண்ட்டுகளைக் கொண்டுபோய் நின்றேன். கடைக்காரர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "கப்டே நக்கோ சாப், பாட்டல் ஹை தோ லாவ்" என்று ஹைதராபாத் உருதுவில் முடித்துவிட்டார். துணி வேண்டாம், பாட்டில் இருந்தால் கொண்டு வா. பேண்ட்டும் பாட்டிலும் முக்கால்வாசி ஒரே பொருள் என்று அவரிடம் கெமிஸ்ட்ரி வகுப்பு எடுக்கவா முடியும்?

பாட்டில் மேல் ஏன் இத்தனை ஆசை என்றால் அது சுத்தமான ஒரே சரக்கு. வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பாட்டிலைத் துண்டு துண்டாக வெட்டி, மூடியையும் வெட்டி, வாளித் தண்ணீரில் போடுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். ஆலையிலும் இதே தந்திரம்தான், பெரிய தொட்டியில். பிறகு காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, பசையையும் அழுக்கையும் போக்கி, ஈரமில்லாமல் உலர்த்தி, 260, 280 டிகிரியில் உருக்கி, இடியாப்பம் பிழிந்து, சுருள் வைத்து, பஞ்சு நீளத்துக்கு வெட்டிவிடுவார்கள். ஈரம் இருந்தால் சங்கிலி அறும். லேபிளோடு கொஞ்சம் பி.வி.சி. உள்ளே போனாலும் அமிலம் கக்கி மொத்தச் சரக்கும் மஞ்சளாகிவிடும். அதனால் மெஷின் எவ்வளவு வந்தாலும் பாட்டிலைக் கையால் பிரிக்கும் பெண்கள் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. குப்பையில் பாட்டில் பொறுக்குபவர்தான் இந்த ஆலைகளின் எண்ணெய்க் கிணறு.

அமெரிக்காவில் படகோனியா கம்பெனி 1993ல் பாட்டிலில் இருந்து ஸ்வெட்டர் மாதிரியான ஃப்ளீஸ் சட்டை விற்க ஆரம்பித்து விளம்பரம் தேடிக்கொண்டது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் கான்பூரில் கணேஷ் பாலிடெக்ஸ் என்ற, 1987ல் தொடங்கிய கம்பெனி, விளம்பரமே இல்லாமல் பாட்டிலில் இருந்து பஞ்சு செய்ய ஆரம்பித்தது. இங்கே அதற்குக் காரணம் பூமியைக் காப்பது எல்லாம் கிடையாது, விலை. விர்ஜின் பஞ்சைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் மலிவு. அந்தப் பஞ்சு எங்கே போனது தெரியுமா? நம் தலைக்கு அடியில். போடி, தேனிப் பக்கத்து இலவம்பஞ்சுத் தலையணை போய், புஸ்புஸ் என்று ஒரு வெள்ளைத் தலையணை எல்லா வீட்டுக்கும் வந்ததே, அதற்குள் இருப்பது நடுவில் ஓட்டை விட்ட பாலியெஸ்டர் பஞ்சு. அதில் கணிசமான பங்கு பாட்டில் சரக்கு. இலவு காத்த கிளி கடைசியில் பெப்சி பாட்டிலில் தலைவைத்துப் படுத்த கதை :-)

இன்னொரு பக்கம் விர்ஜினின் ராஜ்ஜியம். ஹைதராபாத்தில் இருந்து சுமார் 140 கிலோமீட்டரில் சிர்சில்லா. (சிர்சில்க் வேறு, சிர்சில்லா வேறு. இங்கே புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.) பத்மசாலி நெசவாளர்களின் ஊர். ஆயிரக்கணக்கான விசைத்தறிகள். 2000களில் அந்த ஊர்ப் பெயர் பேப்பரில் வந்தாலே நெசவாளர் தற்கொலை என்றுதான் செய்தி இருக்கும். மின் கட்டணம், நூல் விலை, கடன், சூரத்தோடு போட்டி. பாதி ஊர் பிவண்டிக்கும் சூரத்துக்கும் பிழைக்கப் போய்விட்டது. பிழைக்க ஊர் விட்டு வந்தவர்கள்தானே நாமும், அந்த வலி நமக்குப் புரியும்.

2017ல் தெலங்கானா அரசு பதுகம்மா பண்டிகைக்கு ஏழைப் பெண்களுக்கு இலவசச் சேலை என்று அறிவித்தது. வருஷத்துக்கு ஒரு கோடிச் சேலை அளவில் போன திட்டம். முதல் வருஷம் நேரம் போதாமல் சூரத்தில் இருந்தும் வாங்கிக் கொடுக்க, பல ஊர்களில் பெண்கள் "இதுவா கைத்தறி?" என்று தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். டி.வி.யில் பார்த்தேன். பாலியெஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டும், கறுப்புப் புகை வரும், கட்டியாக உறையும். பருத்தியா பாலியெஸ்டரா என்று லேபில் நாங்கள் நூலைக் கொளுத்திப் பார்க்கும் அதே பரிசோதனையை அந்தப் பெண்கள் நடுத்தெருவில் செய்து காட்டினார்கள். அடுத்த வருஷங்களில் ஆர்டர் முழுக்க சிர்சில்லாவுக்கே வந்தது. தறிகள் ஓடின, கூலி கூடியது, பிவண்டியில் இருந்து சிலர் திரும்பி வந்தார்கள். அரசு மாறி 2024ல் திட்டம் நின்றதும் தறிகளும் நின்றன. 2025 நவம்பரில் இந்திரம்மா சேலை என்ற பெயரில் மறுபடி விநியோகம் தொடங்கியது.

நெசவாளியின் வயிற்றுப்பாட்டைப் பார்த்தால் இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் உறுத்துகிறது. ஆறேழு வருஷத்தில் சில கோடிச் சேலைகள். எல்லாம் சேலைக்கே உரிய நீள இழை. அறுபடாமல் மைல் கணக்கில் ஓட வேண்டிய அந்த இழைக்குப் பாட்டில் சரக்கு சரிப்பட்டு வருவது கஷ்டம். அதனால் பெரும்பாலும் விர்ஜின். இன்று அந்தச் சேலைகள் எங்கே? கூரை மறைப்பாக, தூளியாக, மூட்டை கட்டும் துணியாக, கடைசியில் குப்பைமேட்டில். திரும்பி நூலாகும் வழி அவற்றில் ஒன்றுக்கும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் பாட்டில் ஆலை இந்தப் பக்கம் வருகிறது. வாரங்கலில் நிஜாம் காலத்து ஆஸம் ஜாஹி மில் ஒன்று உண்டு, 1934ல் கட்டியது. அது மூடி, ஊரே களையிழந்த பிறகு, 2017 அக்டோபரில் காகதீய மெகா ஜவுளிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே முதலில் ஓட ஆரம்பித்த பெரிய ஆலைகளில் ஒன்று நான் மேலே சொன்ன கான்பூர் கம்பெனியுடையது. இப்போது அதன் பெயர் கணேஷா ஈகோஸ்பியர். 2022 மே மாதம் வாரங்கல் பிரிவைத் திறந்தார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸ்ரீசக்ரா குழுமமும் களத்தில் இருக்கிறது. ஆந்திரத்தில் ரிலையன்ஸுக்காகவே பாட்டில் பஞ்சு செய்து தரும் ஆலைக்கு 2021ல் ஒப்பந்தம் போட்டது இவர்கள்தான்.

இங்கேதான் ஒரு திருப்பம். பாட்டில் இப்போது நூலாவதைவிடப் பாட்டிலாகவே ஆகலாம் என்று நிலைமை மாறுகிறது. மறுசுழற்சி பிளாஸ்டிக்கை உணவுப் பொருளுக்குப் பயன்படுத்த இருந்த தடையை 2022 தொடக்கத்தில் எடுத்தார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகள், பாட்டில் மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் 2025-26ல் 30 சதவீதமும், 2028-29ல் 60 சதவீதமும் பழைய சரக்கு கலந்தே ஆக வேண்டும் என்றன. உருக்கிய சரக்கை வெற்றிடத்தில் மணிக்கணக்காகச் சூடுபடுத்தி, அறுந்த சங்கிலியை மறுபடி நீட்டிவிடும் மெஷின்கள் வந்துவிட்டன. மேட்டில் வண்டி தள்ள ஆள் கிடைத்துவிட்டது. வாரங்கலிலும் பாட்டிலுக்கான குருணை செய்கிறார்கள். கோலா கம்பெனி கொடுக்கும் விலையைப் பஞ்சு ஆலை கொடுக்க முடியுமா? நல்ல தெளிந்த பாட்டில் அந்தப் பக்கம் போய்விடும். பச்சை, பிரவுன், அழுக்கு எல்லாம் பஞ்சுக்கு.

யோசித்துப் பார்த்தால் நியாயமும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. பாட்டிலைப் பாட்டில் ஆக்கினால் மறுபடி மறுபடிச் சுற்றலாம். சட்டை ஆக்கினால் ஒரே சுற்று, அதோடு குப்பை. துணிக்காரர்கள் தங்கள் குப்பையைச் சுத்தம் செய்யாமல் பக்கத்து வீட்டுக் குப்பையைப் பொறுக்கி, அதற்கு இலைப் படம் ஒட்டிக்கொண்டது இத்தனை நாள் ஓடியது. 2023 கணக்குப்படி உலகில் ஒரு வருஷத்தில் செய்த இழை 12.4 கோடி டன். அதில் பாலியெஸ்டர் 57 சதவீதம். அந்தப் பாலியெஸ்டரில் மறுசுழற்சி சுமார் 12.5 சதவீதம்தான், அதுவும் கிட்டத்தட்ட முழுக்கப் பாட்டில். கச்சா எண்ணெய் விலை விழும்போதெல்லாம் விர்ஜின் மலிவாகி இந்தப் பங்கும் ஆட்டம் காணும். 2020ல் எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனபோது அதுதான் நடந்தது. நம் தெருவில் பாட்டில் பொறுக்குபவரின் அன்றாட வருமானத்தை சவுதியும் அமெரிக்காவும் முடிவு செய்கின்றன. விநோதமான உலகம்.

அப்படியானால் பாட்டில் சட்டை வெறும் உட்டாலக்கடியா என்று தங்கமணி கேட்டாள். அப்படியும் சொல்ல மாட்டேன், ஒரு காரணத்துக்காக. அந்தக் காரணம் என் ஊரில் இருக்கிறது.

2023 பிப்ரவரி 8ஆம் தேதி பிரதமர் மோதி நாடாளுமன்றத்துக்கு ஒரு இளநீல அரைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். பாட்டிலில் இருந்து செய்தது. இரண்டு நாள் முன்னால் பெங்களூரு எரிசக்தி மாநாட்டில் இந்தியன் ஆயில் பரிசாகக் கொடுத்தது. துணி போனது கரூர் ஸ்ரீரங்கா பாலிமர்ஸில் இருந்து. அன்றைக்கு எங்கள் ஊர் வாட்ஸப் குழுக்களில் ஒரே அமர்க்களம். இந்தியன் ஆயில் தன் பெட்ரோல் பங்க் ஊழியர், சிலிண்டர் போடுபவர் சீருடைகளை இப்படிச் செய்யப் போவதாகவும், ஒரு செட்டுக்குச் சுமார் 28 பாட்டில் ஆகும் என்றும், வருஷத்துக்குப் பத்துக் கோடிப் பாட்டில் இலக்கு என்றும் அறிவித்தது. கோட்டைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நீலம்.

அது சாயப்பட்டறையில் ஏறிய நீலம் கிடையாது. பாட்டிலை உருக்கும்போதே அந்தக் குழம்பில் நிறத்தைக் கலந்து, நிறத்தோடேயே இழை பிழிவதை டோப் டையிங் என்பார்கள். சாயத் தொட்டி இல்லை, கழுவும் தண்ணீர் இல்லை, ஆற்றில் விடவும் ஒன்றுமில்லை. விர்ஜின் பாலியெஸ்டரிலும் இதைச் செய்யலாம். ஆனால் பாட்டில் ஆலைகள் இதில் முந்திக்கொண்டன. அவர்களுக்கு வரும் பாட்டிலே பச்சையும் பழுப்புமாக நிறத்தோடு வருகிறது, வெள்ளைவெளேர் என்று பால் மாதிரிப் பஞ்சு செய்வது அவர்களுக்குச் சிரமம். குறையையே சரக்காக்கிவிட்டார்கள். இதிலும் சிக்கல் உண்டு. ஒரு நிறம் என்றால் டன் கணக்கில் ஓட்ட வேண்டும், அடுத்த நிறத்துக்கு மாற மெஷினைக் கழுவ வேண்டும். இந்த வாரம் மாம்பழ மஞ்சள், அடுத்த வாரம் மயில்கழுத்து என்று கேட்கும் புடவைக் கடைக்கு ஒத்துவராது. சீருடைக்கு அப்படியே பொருந்தும். காக்கி என்றால் பத்து வருஷத்துக்கும் காக்கிதான். தேய்ந்த பிறகு சாயமும் கலப்பும் தெரிந்த ஒரே மாதிரித் துணி ஒரே இடத்தில் குவியும் என்பதால், என்றைக்காவது துணியில் இருந்து துணி வருமென்றால் அது சீருடையில்தான் தொடங்கும் என்பது என் ஊகம்.

சாயத் தண்ணீர் இல்லை என்பது வெளியூர்க்காரருக்கு ஒரு புள்ளிவிவரம். திருப்பூர் சாயத்தைச் சுமந்துவந்து எங்கள் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போன வழக்கில் கீழ்ப்பகுதி விவசாயிகள் வருஷக்கணக்காக நடையாய் நடந்தார்கள். நொய்யல் கரையில் என் மாமாவுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். குரும்பை எல்லாம் பிஞ்சிலேயே கொட்டி, மட்டை காய்ந்து, ஒவ்வொரு மரமாக வெட்டி விறகுக்குப் போட்டார். நஷ்ட ஈடு என்று பின்னால் வந்த காசு, மரம் வெட்டிய கூலிக்குக் காணவில்லை என்பார். அவரும் அந்த நீலக் கோட்டு செய்தியை டி.வி.யில் பார்த்திருக்கிறார். ஃபோனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்ப்பா, அப்ப சாயத் தண்ணி உடாமயே கலரு போட முடியுமா? இத மொதல்லயே செய்யறதுக்கு என்னவாம்?"

டோப் டையிங் பல பத்து வருஷமாக இருக்கிற டெக்னிக் மாமா, விலையும் ஃபேஷனும் ஒத்துவரவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பானிப்பட்டில் பழைய கம்பளியைக் கிழித்துப் போர்வை நெய்து உலகத்துக்கே நிவாரணப் போர்வை அனுப்பியவர்களை, மலிவான விர்ஜின் பாலியெஸ்டர் போர்வை எப்படி மாற்றிப்போட்டது என்ற கதை பாக்கி இருக்கிறது. அது தனிப் பதிவுக்குத் தாங்கும். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.